கதவு வைத்த வீடு

மழை ஓய்ந்த ஒரு மாலையில், உத்திரமேரூர் ஏரிக்கரையில் ஒரு பையன் எனக்கு ஒரு கதவைக் காட்டினான். பழைய நாலணாக் காசின் அகலந்தான் இருக்கும். மேலே மண்ணும் பாசியும் அப்பியிருந்தபடியால், அவன் விரலை வைத்துக் காட்டியிராவிட்டால் மிதித்துக்கொண்டே போயிருப்பேன். ஈர்க்குச்சியால் மெல்ல நெம்பினான். கதவு ஒரு நெல்லளவு திறந்தது. உடனே உள்ளேயிருந்து யாரோ வெடுக்கென்று இழுத்துச் சாத்திக்கொண்டார்கள்.

"சிலந்தி, மாமா! தோண்டி எடுத்துப் பூந்தொட்டியிலே வச்சு வளர்க்கப்போறேன்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. 1763-ல் பிரான்ஸ் தேசத்தில் மோம்பெலியே நகருக்கு அருகே ஸோவாஜ் என்ற பாதிரியார் செய்த காரியமும் இதுதான். அவர் கையில் இருந்தது குண்டூசி. உள்ளே இருந்த சிலந்தி காலால் கதவைப் பற்றிக்கொண்டு அவரோடு மல்லுக்கட்டியதை அவர் எழுதி வைத்திருக்கிறார். இந்த ஜாதி அந்தரத்தில் வலை கட்டுவதில்லை. மண்ணில் குழி தோண்டி, உட்சுவருக்குப் பட்டு மெழுகி, பட்டாலேயே கீல் வைத்து மூடி போட்டுக்கொள்கிறது. இரவில் மூடியைச் சற்றே தூக்கிக் காத்திருந்து, வாசலோடு போகும் பூச்சியைப் பிடித்துக்கொள்கிறது.

பூந்தொட்டி யோசனையும் பழையதுதான். மாக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் காசநோயோடு பிரான்ஸின் தென்கடற்கரைக்குக் குளிர்காலத்தைக் கழிக்கப் போனவர். சும்மா இருக்க மாட்டாமல், இந்தச் சிலந்திகளைப் பிடித்து வைத்து அவை வீடு கட்டுவதைக் கவனித்தார். அவருடைய புத்தகம் 1873-ல் வந்தது. மறு வருஷமே, 32 வயதில், அவர் போய்விட்டார். அவர் செய்த ஒரு சோதனை என் மனத்தை விட்டு அகலவில்லை. பாசி மூடிய ஒரு கதவை எடுத்துவிட்டு, சுற்றிலும் இருந்த பாசியையும் சுரண்டிவிட்டார். சிலந்தி புதுக்கதவு செய்தது. பிறகு எங்கிருந்தோ பாசி கொண்டுவந்து அதன்மேல் ஒட்டியது. வெறும் மண் நடுவே பச்சைப் பொட்டு வைத்ததுபோல், ஒளிய வேண்டிய கதவு ஊருக்கெல்லாம் தெரிந்தது! அறிவு என்பதா, பழக்கம் என்பதா?

வளர்க்கும் ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கதவு வைக்காத, மரப்பொந்தில் வாழும் ஒரு நீலச் சிலந்தியை, ஆந்திர நாட்டில் குத்தி ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்ததைக் கொண்டு, 1899-ல் போகாக் என்ற நிபுணர் வர்ணித்தார். இன்று அது பல தேசங்களில் கண்ணாடிப் பெட்டிகளில் செல்லப்பிராணி. அதன் சொந்தக் காடோ நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையே சுருங்கிக் கிடக்கிறது. 2019-ல் அந்த இனம் முழுவதையும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் சேர்க்க வேண்டியதாயிற்று.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் என்ற அம்மாள் வேறு விதமாக வளர்த்தார். கதவுச் சிலந்தி வளைகளைத் தோண்டவில்லை. பக்கத்தில் எண் போட்ட முளை அடித்தார், அவ்வளவுதான். 1974-ல் குஞ்சாக இருந்த ஒன்றுக்கு 16 என்ற எண் விழுந்தது. நம்மவர்கள் கேட்டால் மார்க்கண்டேயனை நினைத்துக்கொள்வார்கள். வருஷா வருஷம் போய்ப் பார்த்தார். பெண் சிலந்தி அந்த ஒரே வளையை விட்டு நகரவே இல்லை. 2016-ல் பார்த்தபோது கதவில் துளை விழுந்திருந்தது. குளவிக்கு இரையாகியிருக்க வேண்டும் என்றார்கள். வயது 43. உலகில் இவ்வளவு காலம் வாழ்ந்ததாகத் தெரிந்த சிலந்தி வேறு இல்லை. அம்மாள் 2019-ல், 90 வயதில் காலமானார்.

இதையெல்லாம் பையனிடம் சொல்லிக்கொண்டே ஊருக்குள் நடந்தோம். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921-ஆம் வருஷத்துப் பராந்தக சோழன் கல்வெட்டுகளைக் காட்டினேன். குடவோலை எடுத்துத் தேர்ந்தவர்களில் ஆறு பேர் ஏரி வாரியம். 360 நாள் ஏரியைப் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு.

"பார்த்துக்கிறதுன்னா தினமும் போய்ப் பார்ப்பாங்களா?" என்று கேட்டான்.

மறு வாரம் கரைக்குப் போனேன். கதவு இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி மூங்கில் குச்சி ஒன்று நட்டிருந்தது. அதில் கரியால் 1 என்று எழுதியிருந்தது.