கேட்பும் இசைவும்: முல்ஷி ஏரியிலிருந்து மின்கலக் கொள்கலன் வரை

மின்சாரத்தைச் சேமித்து வைப்பது சூரிய ஒளியும் காற்றும் மின்தொகுப்புக்குள் வந்த பிறகு எழுந்த புதிய சிக்கல் என்ற எண்ணம் ஆய்வாளர்களிடையேயும் காணப்படுகிறது. இந்தியாவைப் பொறுத்தவரை அது சரியன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் நான்கு மாதம் கொட்டித் தீர்க்கும் மழையைப் பிடித்து வைத்து, மீதி எட்டு மாதமும் பம்பாய் ஆலைகளை ஓட்டுவது எப்படி என்பதே டாட்டா நிறுவனங்களின் முதல் நீர்மின் திட்டங்களுக்கு அடிப்படையாக இருந்த கேள்வி. கோபோலி நிலையம் 1915இலும், பீவ்புரி 1922இலும், பீரா 1927இலும் இயங்கத் தொடங்கின. இவை ஒவ்வொன்றுக்கும் மேலே, மலைமுகட்டில் ஓர் ஏரி தேவைப்பட்டது. அந்த ஏரிகளே அக்காலத்தின் மின்கலங்கள். மின்சாரம் பயன்படும் ஊர் ஒன்று, சேமிப்புக்கு இடம் தரும் ஊர் வேறொன்று என்ற பிரிவும் அப்போதே தோன்றிவிட்டது.

இடம் தரும் ஊரிடம் இந்தத் திட்டங்கள் எவ்வாறு முன்வைக்கப்பட்டன, அங்குள்ளவர்களிடம் என்ன கேட்கப்பட்டது, கேட்பதற்கு எந்தச் சொல் பயன்பட்டது என்பவை மின்துறை வரலாறுகளில் அதிகம் பேசப்படாதவை. பேசத் தொடங்கினால் முதலில் நிற்பது முல்ஷி.

புனேவுக்கு மேற்கே, நீலா, முளா ஆறுகள் கூடும் பள்ளத்தாக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் இருந்தன. அங்கு வாழ்ந்தவர்கள் மாவளர் எனப்படும் உழவர்கள். ஆம்பேமோஹர் என்னும் மணமுள்ள நெல்வகைக்குப் பெயர்பெற்ற நிலம் அது. 1919இல் தொடங்கப்பட்ட டாட்டா பவர் கம்பெனி இங்கு அணை கட்ட முடிவு செய்தது. நிலம் முறைப்படி எடுக்கப்படுவதற்கு முன்னரே சோதனைக் குழிகள் தோண்டப்பட்டன. தம் வயலில் தோண்டுவதைத் தடுத்த உழவர் ஒருவரை ஆங்கிலப் பொறியாளர் கைத்துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார் என்று இப்போராட்டத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். அந்தப் பள்ளத்தாக்குக்குத் திட்டம் அறிமுகமான விதம் இதுதான். அறிவிப்பு, விளக்கம், கூட்டம் எதுவும் அதற்கு முன் வரவில்லை.

இது ஒரு பொறியாளரின் ஆணவம் மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தில், எடுப்பதே கூடாது என்று சொல்ல நிலத்துக்காரருக்கு அன்று இடமே இல்லை. இழப்பீட்டுத் தொகை போதாது என்று மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம், அதன்பின் நீதிமன்றம் போகலாம். அவ்வளவுதான். கம்பெனிகளுக்காக நிலம் எடுப்பதற்குத் தனிப் பகுதி ஒன்று அச்சட்டத்தில் இருந்தது. அதன்படி, கட்டப்படும் வேலை பொதுமக்களுக்குப் பயன்படக்கூடியது என்று அரசு மனநிறைவு அடைந்தால் போதும். அந்தப் பொதுமக்கள் யார்? பம்பாயில் விளக்கெரிப்பவரும் ஆலை நடத்துபவரும் அதில் சேர்ந்தனர். பள்ளத்தாக்கில் உழுதவர் சேரவில்லை. சட்டத்தின் வாக்கியத்தில் அவர் எழுவாயாகவும் இல்லை, செயப்படுபொருளாகவும் இல்லை. அவருடைய நிலம் மட்டுமே செயப்படுபொருளாக இருந்தது.

1921 ஏப்ரல் 16, ராமநவமி நாளன்று, சுமார் 1,200 பேர் அணை கட்டும் இடத்தில் சென்று அமர்ந்தனர். பாண்டுரங்க மகாதேவ பாபட்டுக்கு ‘சேனாபதி’ என்ற பெயர் நிலைத்தது இந்தப் போராட்டத்தில்தான். உயிர் அல்லது நிலம் என்பது அவர்களுடைய முழக்கம். காந்தி அதே மாதம் ‘யங் இந்தியா’வில் முல்ஷியைப் பற்றி எழுதினார். வேலை சிறிது காலம் நின்றது. பிறகு பம்பாய் அரசு இழப்பீடு கொடுத்து நிலத்தை எடுக்கச் சட்டப்படி வழி செய்துகொடுத்தது.

முல்ஷியில் இன்றைய வாசகர் நின்று கவனிக்க வேண்டியது இதற்குப் பின் நேர்ந்த பிளவு. பள்ளத்தாக்கு நிலத்தில் பெரும்பகுதி கடன் வழியாகப் புனே நகரத்துச் சாவுகார்களின் கைக்குப் போயிருந்தது. அவர்கள் நிலத்தில் வாழ்ந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு அது ஒரு முதலீடு. நல்ல விலை கிடைத்தால் விட்டுவிட அவர்கள் அணியமாக இருந்தனர். குத்தகையாளருக்கோ அந்த வயலை விட்டால் வேறு ஊரே இல்லை. இழப்பீடு என்ற சொல் வந்ததும் எதிர்ப்பு இரண்டாகப் பிரிந்தது. ‘ஊர் ஒப்புக்கொண்டது’ என்று ஆவணத்தில் எழுதப்படும்போது ஊரில் யார் என்று கேட்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. போராட்டம் தேய்ந்தது. 1924 இறுதியில் பாபட், அணை வேலைக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ரயிலை வழிமறித்துத் துப்பாக்கி ஏந்தினார். ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மூன்று ஆண்டுகளில் பீரா நிலையம் ஓடத் தொடங்கிவிட்டது. இப்போராட்டத்தைப் பற்றி விரிவான நூல் எழுதிய ராஜேந்திர வோரா, உலகின் முதல் அணை எதிர்ப்பு இயக்கம் என்று இதை அழைத்தார். ‘முதல்’ என்னும் அடைமொழிகளைப் பற்றி ஆய்வாளர்கள் எப்போதும் சற்று ஐயத்தோடு இருப்பது நல்லது. ஆனால் நூலின் வாதம் அந்த அடைமொழியை நம்பி நிற்கவில்லை.

போராட்டம் நடந்துகொண்டிருந்த 1923ஆம் ஆண்டிலேயே நில எடுப்புச் சட்டத்தில் 5-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. நிலத்தில் உரிமையுடையவர் முப்பது நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தரலாம், அவரை ஆட்சியர் நேரிலோ வழக்கறிஞர் வழியாகவோ கேட்க வேண்டும் என்றது அது. முல்ஷிதான் அதைப் பெற்றுத் தந்தது என்று சொன்னால் மிகையாகும். ஆயினும் எடுப்பையே எதிர்த்துப் பேசும் வாய்ப்பு அந்த ஆண்டில்தான் சட்டத்தில் நுழைந்தது. அங்கும் முடிவு அரசினுடையது. அவசரம் என்று அரசு கருதினால் 17ஆம் பிரிவைக் கொண்டு அந்தக் கேட்பையே தவிர்த்துவிடலாம். விடுதலைக்குப் பிறகும் நீடித்து, மொத்தம் தொண்ணூறு ஆண்டுகள் இந்தப் பிரிவே நடைமுறையில் இருந்தது. அதே காலத்தில் அவசரம் என்பது விதிவிலக்கு என்ற நிலையிலிருந்து வழக்கம் என்ற நிலைக்கு வந்துவிட்டதை நீதிமன்றத் தீர்ப்புகள் பலமுறை கண்டித்துள்ளன.

1948ஆம் ஆண்டின் மின் வழங்கல் சட்டம் இன்னொரு வழியைத் திறந்தது. பெரும் செலவுள்ள திட்டத்தை மின்வாரியம் அரசிதழிலும் உள்ளூர் நாளிதழிலும் வெளியிட்டு, இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும் என்று அதன் 29ஆம் பிரிவு கூறியது. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. அரசிதழைப் படிக்கும் பழக்கம் மலையூர்களில் இருந்ததா என்ற கேள்வியை அச்சட்டம் கேட்டுக்கொள்ளவில்லை.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 1994இல் வந்தது. 1997 ஏப்ரல் திருத்தத்தால் பொதுமக்கள் கருத்துக் கேட்பு கட்டாயமானது. நிலவுடைமை இல்லாதவரும் பேசலாம் என்ற நிலை இந்தத் துறையில் உருவானது அப்போதுதான். 2006 செப்டம்பர் அறிவிக்கை இதற்கு விரிவான நடைமுறை வகுத்தது. முப்பது நாள் முன்னறிவிப்பு, வட்டார மொழியில் திட்டச் சுருக்கம், மாவட்ட ஆட்சியர் அல்லது அவர்தம் பிரதிநிதியின் தலைமை, ஒளிப்பதிவு, நடவடிக்கைகளை அங்கேயே படித்துக் காட்டுதல் ஆகியவை அதில் உண்டு. குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற வரம்பு மட்டும் இல்லை. ஒருவரும் வராவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே கொள்ளப்படும்.

இந்நடைமுறைக்கு மொழிகள் வைத்த பெயர்களைக் கூர்ந்து பார்க்கலாம். இந்தியில் அது ‘லோக் சுன்வாயீ’ அல்லது ‘ஜன் சுன்வாயீ’, மராத்தியில் ‘ஜன்சுனாவணீ’. இரண்டிலும் வேர்ச்சொல் செவிமடுத்தலைக் குறிக்கிறது. நீதிமன்ற விசாரணைக்கும் இதே சொல்தான். கன்னடத்தில் ‘சார்வஜனிக அஹவாலு’ என்பர். ‘அஹவாலு’ அரபு, பாரசீக வழி வந்த சொல். நிலைமை என்ற பொருளில் தொடங்கி, குறையைச் சொல்லி முறையிடுதல் என்ற பொருளுக்கு வந்துவிட்டது. எனவே கன்னடக் கூட்டத்துக்கு வருபவர் பெயரளவில் ஏற்கெனவே மனுதாரர். தமிழில் மட்டும் ‘கருத்துக் கேட்பு’ என்கிறோம். கேள் என்னும் வினைக்குச் செவிமடுத்தல், வினவுதல் என இரு பொருளும் உண்டு. வினவுபவர் விடைக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தமிழ்ச் சொல்லில் தங்கியிருக்கிறது. சட்டம் அதில் முதற்பொருளை மட்டுமே ஏற்றிருக்கிறது.

கேட்பதற்கும் இசைவு பெறுவதற்கும் உள்ள தொலைவைச் சட்டமன்றங்கள் நன்கு அறிந்தே எழுதியுள்ளன. பழங்குடிப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டம், சிறு கனிமங்களுக்குக் கிராம சபை அல்லது ஊராட்சியின் பரிந்துரையைக் கட்டாயமாக்கியது. நிலம் எடுப்பதற்கோ அவற்றைக் கலந்தாலோசித்தால் போதும் என்றது. ஒரே பிரிவில், சில வரி இடைவெளியில், இரண்டு வேறு வினைச்சொற்கள். 2013இல் நியம்கிரி வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு ஒடிசாவின் 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. மறுப்பு மறுப்பாகவே ஏற்கப்பட்டது. அதே ஆண்டு இயற்றப்பட்ட புதிய நில எடுப்புச் சட்டம், தனியார் நிறுவனத்துக்காக எடுக்கும்போது பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் முன்னிசைவைக் கோரியது.

சரி, சேமிப்புக்கு வருவோம். மத்திய மின்சார ஆணையத்தின் தேசிய மின்திட்டம், 2031-32இல் நாட்டுக்கு ஏறத்தாழ 74 கிகாவாட் சேமிப்புத்திறன் வேண்டும் என்று கணக்கிட்டது. அதில் 27 கிகாவாட்டுக்குச் சற்றுக் குறைவானது நீரேற்று நிலையங்களிலிருந்தும், 47 கிகாவாட் மின்கலங்களிலிருந்தும் வர வேண்டும். நீரேற்று நிலையம் என்றால் இரண்டு நீர்த்தேக்கங்கள். மின்சாரம் மிகும்போது நீரை மேலே ஏற்றி, குறையும்போது கீழே விடுவார்கள். பீராவில் 1990களில் சேர்க்கப்பட்ட 150 மெகாவாட் அலகு இவ்வகையது. முல்ஷி ஏரிக்கே நீரை ஏற்றுகிறது. மாவளரின் வயல்கள் இன்று சொல்லுக்குச் சொல் ஒரு மின்கலத்தின் மேற்பகுதி. 2023 ஆகஸ்டில் டாட்டா பவர் மகாராஷ்டிர அரசுடன் செய்த உடன்பாட்டில் உள்ள இரண்டு நீரேற்றுத் திட்டங்களும் (சிராவ்டாவில் 1,800 மெகாவாட், பீவ்புரியில் 1,000 மெகாவாட்) நூறாண்டுக்கு முந்தைய அந்த முதல் நிலப்பரப்பையே நாடுகின்றன.

கர்நாடகத்தின் சராவதியில் 2,000 மெகாவாட் திட்டம் முன்வைக்கப்பட்டபோது அதிகாரிகள் தந்த வாதம், புதிய அணை எதுவும் இல்லை, தளகளலே, கேருசொப்பா என்னும் பழைய நீர்த்தேக்கங்களே பயன்படும் என்பது. பொறியியல் நோக்கில் அது உண்மை. 2025 செப்டம்பரில் நடந்த அஹவாலுக் கூட்டங்களில் எதிர்ப்பே ஓங்கியிருந்தது. சோலைமந்தி வாழும் காடு ஒரு காரணம். ஆனால் 1964இல் முடிந்த லிங்கனமக்கி அணையால் இடம்பெயர்ந்த குடும்பங்களின் நிலவுரிமைச் சிக்கல் அறுபதாண்டுக்குப் பின்னும் தீராத மாவட்டம் அது. பழைய நீர்த்தேக்கம் என்பது பொறியாளருக்கு மிச்சப்பட்ட செலவு. கேட்பவருக்குப் பழைய கணக்கு.

மின்கல நிலையங்களின் கதை வேறு. தில்லி ரோகிணியில் 2019இல் 10 மெகாவாட், கிலோகரியில் 2025இல் 20 மெகாவாட் நிலையங்கள் துணைமின் நிலைய வளாகங்களுக்குள் அமைந்தன. யாரும் வெளியேற்றப்படவில்லை. கொள்கலன்களை வரிசையாக நிறுத்தினால் நிலையம் தயார். இந்த எளிமையே கேட்பை இல்லாமல் ஆக்கிவிட்டது. 2006 அறிவிக்கையின் அட்டவணையில் மின்கலச் சேமிப்பு என்ற இனமே கிடையாது. அட்டவணையில் இல்லாததற்குக் கருத்துக் கேட்பும் இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தால் 2013 சட்டத்தின் இசைவு விதியும் பொருந்தாது. கர்நாடகத்தின் பாவகடா சூரியப் பூங்கா, 2,050 மெகாவாட்டுக்காகச் சுமார் 13,000 ஏக்கரை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் தொடக்க வாடகையில் இப்படித்தான் பெற்றது. உடைமையாளர்கள் மகிழ்ந்தனர், கூலிவேலை இழந்தவர்களிடம் கையொப்பம் வாங்க வேண்டிய தேவை இருக்கவில்லை. சாவுகாரும் குத்தகையாளரும் வேறு பெயரில் திரும்பி வந்துள்ளனர்.

அண்டை வீட்டாருக்குக் கேட்க ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் லித்தியம் மின்கல நிலையம் எரிந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அது பழைய கட்டடத்துக்குள் மின்கலங்களை நெருக்கி அடுக்கிய அமைப்பு. இன்று தனித்தனிக் கொள்கலன்களை இடைவெளி விட்டு நிறுத்துகிறார்கள், ஆபத்து வெகுவாகக் குறைவு என்று பொறியாளர்கள் விளக்குகின்றனர். விளக்கம் ஏற்கத்தக்கதே. அதைப் பக்கத்துத் தெருவுக்குச் சொல்லும் அரங்கு எது என்பதுதான் இங்குள்ள கேள்வி. தற்போதைய நிலையில், 2003 மின்சாரச் சட்டத்தின்படி ஒழுங்குமுறை ஆணையங்கள் கட்டண மனுக்கள் மீது பொதுமக்களின் ஆட்சேபங்களைப் பெறுவது ஒன்றே எஞ்சியிருக்கிறது. அங்கு பேசுபவர் நிலையத்துக்கு அருகில் வாழ்பவர் என்ற தகுதியில் பேசுவதில்லை. யூனிட்டுக்கு எத்தனை காசு கூடும் என்று கேட்கும் நுகர்வோராகவே பேசுகிறார். 1923இல் நிலத்துக்காரர், 1997இல் அண்டையில் வாழ்பவர், இப்போது கட்டணம் செலுத்துபவர் எனக் கேட்கப்படும் ஆள் மாறிக்கொண்டே வந்திருக்கிறார். 47 கிகாவாட் மின்கலங்களில் பெரும்பகுதிக்கு இன்னும் இடம் தேடப்படவே இல்லை.