க்ரோன்ஸ்: டிபி இல்லைன்னா வேற என்ன?

இந்த வாரம் கொஞ்சம் வயித்துக்குள்ள போகப்போறோம். சாப்பிட்டுக்கிட்டே கேட்கிறவங்க முடிச்சுட்டு வாங்க, அவசரம் இல்ல.

1956 ஜூன். அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு ராத்திரியில் கடுமையான வயிற்றுவலி. வயசு 65. முந்தின வருஷம் செப்டம்பரில்தான் மாரடைப்பு வந்து தேறியிருந்தார். நவம்பரில் தேர்தல் வேற. வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுபோனாங்க. சிறுகுடலின் கடைசிப் பகுதி, அதாவது இலியம், வீங்கித் தடித்து அடைத்துக்கொண்டிருந்தது. ஜூன் 9 அதிகாலையில் ஆபரேஷன். நோய் வந்த இடத்தை அவர்கள் வெட்டி எடுக்கவில்லை. அதைத் தொடாமல் விட்டு, அதற்கு முன்னாடி இருக்கும் குடலைப் பெருங்குடலோடு இணைத்தார்கள். நம்ம ஊர் பைபாஸ் ரோடு மாதிரி. நவம்பரில் மனுஷன் ஜெயிச்சார், 1961 ஜனவரி வரைக்கும் அதிபராவும் இருந்தார்.

இந்தக் கதை எனக்குப் பிடிக்கக் காரணம் இருக்கு. எனக்கும் அதே நோய்தான். ஆனா அந்தப் பெயர் எனக்குக் கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஏன்னு தேடிப்போனப்பதான் இந்த வரலாறு முழுசா கையில் கிடைச்சுது.

1882-ல ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிக்கிறார். டிபி நுரையீரலை மட்டும் தாக்காது, குடலையும் தாக்கும். அதுவும் குறிப்பா இலியம் முடிகிற இடத்தை. அதனால அந்த இடத்தில் புண், தடிப்பு, அடைப்பு எது இருந்தாலும் டாக்டர்கள் டிபின்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. கிளாஸ்கோவில் கென்னடி டால்ஸியல்னு ஒரு சர்ஜன். அவர் மட்டும் சந்தேகப்பட்டார். சில நோயாளிகளின் குடல், விறைத்துப்போன விலாங்கு மீன் மாதிரி வழவழன்னு கெட்டியா இருக்கு. பார்த்தா டிபி மாதிரி. ஆனா கிருமியைத் தேடினா கிடைக்கல. மாடுகளுக்கு வரும் யோனேஸ் நோயோட இது ஒத்துப்போகுதேன்னும் கவனிச்சு, 1913-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். பெருசா யாரும் கண்டுக்கல. அடுத்த வருஷம் உலகப்போர்.

அப்புறம் 1932. நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் இருந்து பர்ரில் க்ரோன், லியான் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர்னு மூணு பேர் 14 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. பாதிக்கப்படுறது பெரும்பாலும் இளைஞர்கள், இது டிபி இல்லை, தனி நோய்னு தெளிவா சொன்னாங்க. முதலில் வைத்த பெயர் 'டெர்மினல் இலியைட்டிஸ்'. குடலின் கடைசி முனைங்கிற அர்த்தத்தில்தான். ஆனா டெர்மினல்னு கேட்டா நோயாளி, கதை முடிஞ்சுதுன்னு பயந்துடுவாரே! அதனால 'ரீஜினல்'னு மாத்தினாங்க. அந்த ஒரு வார்த்தைக்காக அவங்களுக்கு ஒரு கும்பிடு.

சரி, மூணு பேர் இருக்க க்ரோன் பெயர் மட்டும் எப்படி நின்னுது? அகரவரிசை. அவ்வளவுதான். அந்த நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்குக் கத்தி பிடித்தவர் சர்ஜன் ஏ. ஏ. பெர்க். அவர் தன் பெயரைப் போட வேண்டாம்னு சொல்லிட்டார். போட்டிருந்தா வரிசைப்படி இன்னைக்கு இது பெர்க் நோய். ஸ்பெசிமன்களோட மல்லுக்கட்டின கின்ஸ்பர்க்கையும் ஓப்பன்ஹைமரையும் யாருக்கும் தெரியாது. கமிட் ஹிஸ்டரியில் ஒருத்தர், ரிலீஸ் நோட்ஸில் இன்னொருத்தர்னு ஐடி கம்பெனியில் மட்டும்தான் நடக்கும்னு நினைச்சிருந்தேன். போலந்தில் மட்டும் இதை லெஸ்னியோவ்ஸ்கி-க்ரோன் நோய்னு சொல்றாங்க. க்ரோனுக்கும் பல வருஷம் முன்னாடி இதை எழுதின அவங்க ஊர் சர்ஜனை அவங்க விட்டுக்கொடுக்கல.

இப்ப என் கதைக்கு வரேன். 24 வயசில் ஆரம்பிச்சுது. வயிற்றுவலி, சாயங்காலக் காய்ச்சல், நிக்காத பேதி. ஒன்பது கிலோ குறைஞ்சேன். ஓட்டல் சாப்பாடுதான் காரணம்னு அத்தை தீர்ப்பு சொல்லிட்டாங்க. கொலோனோஸ்கோபி பண்ணாங்க. இலியத்தில் புண். பயாப்ஸியில் கிரானுலோமா, அதாவது எதிர்ப்பு செல்கள் கூடிக் கட்டிய முடிச்சு. இதுதான் சிக்கலே. டிபியிலும் அது வரும், க்ரோன்ஸிலும் வரும். டாக்டர் வெளிப்படையா சொன்னார்: "தம்பி, ரெண்டுல எதுன்னு இப்ப உறுதியா சொல்ல முடியாது. க்ரோன்ஸ்னு நினைச்சு ஸ்டீராய்டு கொடுத்து, உள்ளே டிபி இருந்தா அது பரவிடும். முதல்ல டிபி மருந்து சாப்பிடுங்க, பார்ப்போம்." டிபி அதிகமா இருக்கும் நம்ம நாட்டில் இப்படித் தொடங்குவது வழக்கமான நடைமுறைதான். ரிஃபாம்பிசின் போட்டா சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முதல் நாள் பயந்தே போயிட்டேன். சில மாசம் கழிச்சு மறுபடி கொலோனோஸ்கோபி. புண் அப்படியே இருந்தது. டால்ஸியல் 1913-ல கேட்ட அதே கேள்வியை நூறு வருஷம் தாண்டி என் குடலைப் பார்த்து சென்னையில் கேட்டிருக்காங்க.

காரணம் என்னன்னு கேட்டா, முழுப் பதில் இன்னும் கிடையாது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் மேல நம்ம எதிர்ப்பு சக்தியே அளவுக்கு மீறிப் பாய்வது ஒரு பகுதி. மரபணு ஒரு பகுதி. 2001-ல நாட்2-ங்கிற ஜீனைக் கண்டுபிடிச்சாங்க. ஆனா ஐரோப்பியர்களிடம் பார்த்த அந்த மாற்றங்கள் இந்தியர்களிடம் ரொம்ப அரிது. சிகரெட் இதை மோசமாக்கும். அத்தை சொன்ன ஓட்டல் மேட்டர் நிரூபிக்கப்படல, அத்தை மன்னிக்கவும்.

1998-ல வந்த இன்ஃப்ளிக்ஸிமாப்தான் பெரிய திருப்பம். டிஎன்எஃப்-ங்கிற அழற்சி புரதத்தைப் பிடிச்சு நிறுத்தும் ஆன்டிபாடி. நோய் தீராது, அடங்கும். ஆனா ஒரு வேடிக்கை பாருங்க: உடம்பில் தூங்கிக்கிட்டிருக்கும் டிபியைச் சுவர் கட்டி அடக்கி வைக்க உதவுவதும் அதே டிஎன்எஃப்தான். அதை நிறுத்தினா டிபி எழுந்துக்கலாம். அதனால மருந்து ஆரம்பிக்கும் முன்னாடி எனக்கு மறுபடியும் டிபி டெஸ்ட், நெஞ்சு எக்ஸ்ரே. இந்த ரெண்டு நோயும் ஒன்னை ஒன்னு விடவே விடாது போல.

க்ரோன் 1983 வரைக்கும், 99 வயசு வரை வாழ்ந்தார். எனக்கு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை டிரிப். அடுத்தது வர்ற வியாழக்கிழமை. ரெண்டு மணி நேரம் கையில் ஊசியோட சும்மா உட்காரணும். அடுத்த எபிசோடுக்கான புத்தகத்தை அங்கதான் படிக்கப்போறேன்.