பாகூர்க் கரும்புக்குத் தாய் தகப்பன்

வில்லியனூரிலோ பாகூரிலோ கரும்பு போடுகிறவர் விதை தேடி அலைவதில்லை. நல்ல பருவுள்ள கரணையை வெட்டி, பார் ஓட்டிப் புதைத்தால் போதும். தாய்ப்பயிரின் அச்சு அசல் நகல் முளைத்துவிடும். கரும்பு பூத்தால் அவருக்குக் கவலைதான். பூவெடுத்த கரும்பு வளராது, நாள்பட்டால் சக்கையாகும். ஆனால் ஒரு ரகத்தின் அத்தனை கரும்பும், எப்போதோ ஒரே ஒரு பூ கருவுற்றதால் பிறந்தவை.

நியூ கினியில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிரான தடித்த கரும்பு, கரணையாகவே உலகைச் சுற்றியது. புதுச்சேரி மதில்களில் படரும் காகிதப்பூவுக்குப் பெயர் தந்த பிரெஞ்சு மாலுமி பூகன்வில், 1768இல் தாகித்தித் தீவிலிருந்து ஒரு ரகத்தை இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். அந்தப் பக்கத்து ரீயூனியன் தீவுக்குத்தான் அடுத்த நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர்கள் கரும்பு வெட்டக் கப்பலேறினார்கள். கரும்புக்கு முளைக்கும் விதையே கிடையாது என்று தோட்டக்காரர்கள் உறுதியாக நம்பிய காலம் அது.

பூவின் ரகசியமோ ஐரோப்பாவில் துண்டு துண்டாக அவிழ்ந்துகொண்டிருந்தது. மகரந்தம் இல்லாமல் விதை இல்லை என்று 1694இல் கமெராரியஸ் காட்டினார். 1824இல் இத்தாலியர் அமிச்சி, நம் வரப்போரத்துப் பருப்புக்கீரையின் பூவில் மகரந்தத்திலிருந்து ஒரு குழல் நீள்வதைக் கண்டார். அந்தக் குழல் சூலுக்குள் இரண்டு ஆணணுக்களைக் கொண்டுசேர்க்கிறது. ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகிறது. மற்றொன்று நடுவிலுள்ள இரு உட்கருக்களோடு கூடி, கருவுக்கு உணவாகும் முளைசூழ்தசையை உண்டாக்குகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் ரஷ்யர் நவாஷின் கண்டறிந்தார். நாம் உண்ணும் அரிசிச் சோறு பெரும்பாலும் அந்த இரண்டாவது கூடலின் விளைவு!

1880களில் ஜாவாவின் கரும்பை ‘செரெ’ நோய் அழித்தது. நகல்களுக்கு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். 1888ஐ ஒட்டி ஜாவாவிலும் பார்படோஸிலும் கரும்பு விதை முளைப்பது உறுதியானது. கலந்து புது ரகம் எடுக்கப் பூ வேண்டும். வட இந்தியாவில் கரும்பு சரியாகப் பூக்காது, கோயம்புத்தூரில் பூக்கும். அதனால் 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அங்கே அமைந்தது. அந்த நிலையத்தின் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற தடித்த கரும்பின் பூவில் காட்டு இனமான பேய்க்கரும்பின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். 1918இல் கோ 205 என்ற கலப்பு ரகம் வெளிவந்தது.

இத்தகைய கலப்பில் ஓர் அதிசயம் உண்டு. வழக்கமாகத் தாய் தன் குரோமோசோம்களில் பாதியைத்தான் தரும். தடித்த கரும்போ பெரும்பாலும் தன் 80ஐயும் முழுதாகத் தந்துவிடுகிறது. அதனால் தாயின் இனிப்பு மேலோங்கி நிற்க, காட்டுத் தந்தையின் உறுதியும் வந்து சேர்கிறது. 1934இல் கோயம்புத்தூர் நிலையத்தில் பணியில் சேர்ந்த ஜானகி அம்மாள், கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து பார்த்தார். மாஹேவை ஒட்டிய தலசேரிதான் அவர் பிறந்த ஊர்.

தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் கரும்பின் மகரந்தம் குளிரில் வீரியம் இழந்துவிடும். அங்கிருந்தவர்கள் கோயம்புத்தூரிலிருந்து விதையை வரவழைத்தார்கள். அதில் தேர்ந்தெடுத்த என்:கோ 310 என்ற ரகம், தைவான்வரை பரவியது.

எதிர்த்திசையிலும் ஒரு வரவு உண்டு. ஆஸ்திரேலியக் குயின்ஸ்லாந்தின் க்யூ 63 தாயாக, கோ 775 தந்தையாக, பாகூருக்கு அடுத்த கடலூரில் தேர்வானது கோசி 671. தமிழ்நாட்டு வயல்களை நிறைத்திருக்கும் கோ 86032க்கு அந்தக் கடலூர்க் கரும்புதான் தகப்பன்.