கம்போடிய மருத்துவமனைகளில் பணி புரிந்தோர்

கம்போடிய நாட்டை 1181 முதல் ஆண்ட ஏழாம் ஜெயவர்மனைப் பற்றி எழுதுவோர் எவரும், அவன் காலத்தில் நாடெங்கும் இயங்கிய 102 மருத்துவமனைகளைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. அங்கோரில் தன் அன்னையின் நினைவாக அவன் எடுப்பித்த தா புரோம் கோயிலில், 1186ஆம் ஆண்டில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு அவ்வெண்ணிக்கையைத் தருகின்றது. குடிகளின் நோயைத் தன் நோயினும் பெரிதாகக் கருதி வருந்தியவன் என மருத்துவமனைக் கல்வெட்டுகள் அவனைப் போற்றுகின்றன. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அவ்வளவில் நின்றுவிடுகின்றன. மன்னன் வருந்தினான், நன்று. வெந்நீர் வைத்தவர் யார்? மருந்து அரைத்தவர் யார்? இவ்வினாக்களுக்கும் அதே கல்வெட்டுகளில் விடை உண்டு.

லாவோஸ் நாட்டின் வியஞ்சான் நகருக்கு அருகே, மேகோங் ஆற்றின் கரையில், சாய் ஃபோங் என்னுமிடத்துக் கல்லைப் பிரெஞ்சு அறிஞர் லூயி ஃபினோ படித்து 1903இல் வெளியிட்டார். வடமொழிச் செய்யுட்களால் ஆன அதே வாசகம், வடகிழக்குத் தாய்லாந்திலும் அங்கோரிலும் வேறு பல கற்களில் காணப்படுகின்றது. பாட்டு ஒன்றே, பணியாளர் தொகை மட்டும் மருத்துவமனையின் அளவுக்கேற்ப மாறுகின்றது. இக்காலத்துத் தலைமை அலுவலகம் கிளைகள் அனைத்திற்கும் ஒரே சுற்றறிக்கையை அனுப்பி, இடையில் எண்களை மட்டும் மாற்றி எழுதுவதைப் போன்றது இது.

சாய் ஃபோங் கல் கூறுவதைக் காண்போம். நான்கு வருணத்தாரும் அங்கே மருத்துவம் பெறலாம். மருத்துவர் இருவர், அவர்களுக்கு உதவியாக ஆடவரும் பெண்டிரும் உண்டு. பண்டகசாலையைக் காத்து மருந்துகளைப் பகிர்ந்தளிப்போர் இருவர். சமையற்காரர் இருவர், இவர்களே கோயிலையும் துப்புரவு செய்து, பூவும் புல்லும் பேண வேண்டும். நோயாளர்க்கு மருந்து கொடுக்கும் காவலர் பதினால்வர். வெந்நீர் வைப்பதற்கும் மருந்து அரைப்பதற்கும் பெண்டிர் அறுவர். நெல் குற்றப் பெண்டிர் இருவர். உறைவிடம் பெற்றோர் 32 பேர். தம் செலவிலேயே வாழ வேண்டியோர் 66 பேர். ஆக 98 பேர். இவர்க்கு மேல் வேள்வி செய்வோர் இருவரும் சோதிடர் ஒருவரும் இருந்தனர். மருத்துவத்திற்குரிய புத்தரான பைஷஜ்யகுருவின் கோயில் அங்கே இருந்தமையால், நோயாளர் பணியும் இறைபணியும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன.

இப்பட்டியலில் நம் கருத்தைக் கவர்வது மருத்துவரின் சிறுபான்மை. 98 பேருக்கு மருத்துவர் இருவர். நோயாளியின் அருகே நாள் முழுதும் நின்றவர் காவலரும் அறுவர் பெண்டிருமே. மருந்து என்பது அந்நாளில் புட்டியில் வருவதன்று. தேன், சர்க்கரை, எள், கற்பூரம், மிளகு, சீரகம், கொத்தமல்லி, ஏலம், சாதிக்காய் முதலியன அரசனது பண்டகசாலையிலிருந்து ஆண்டுக்கு மும்முறை வந்தன. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியை நினைவூட்டும் இப்பொருள்களை இடித்து, அரைத்து, காய்ச்சிக் கொடுத்தவர் கைகளில்தான் மருத்துவம் நடந்தது.

இவர்கள் பெற்ற ஊதியம் என்ன? உறைவிடம், உணவு, விறகு, தண்ணீர் ஆகிய உரிமைகளைக் கல் பேசுகின்றது. மருத்துவமனையைச் சார்ந்தோர் மீது வரியும் கட்டாய ஊழியமும் சுமத்தலாகாது என்றும், குற்றம் செய்தாராயினும் உயிர்களுக்குத் தீங்கிழைத்தாலன்றித் தண்டிக்கலாகாது என்றும் விதிக்கின்றது. இது பெரிய சலுகையே. ஆனால் ஒருவர் பெயரும் அக்கல்லில் இல்லை.

இதற்கு நூறாண்டுக்குச் சற்று முன்னரே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் நம்மவர் பொறித்த கல்லை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீரராசேந்திர சோழன் காலத்து அக்கல்வெட்டில் உள்ள ஆதுலர் சாலை மிகச் சிறியது; படுக்கை 15தான். ஆனால் அங்கே கூலிக் கணக்குத் தெளிவாக இருக்கின்றது. மருத்துவன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு நெல் 90 கலம், காசு 8. அறுவை செய்வானுக்கு 30 கலம். மருந்துப் பணி செய்யும் பெண்டிர் இருவருக்குமாக 30 கலம். 12 குறுணி ஒரு கலம், 8 நாழி ஒரு குறுணி என்னும் வாய்பாட்டை அறிந்தோர் கணக்கிட்டுப் பார்க்கட்டும்: மருத்துவனுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி, பெண்ணுக்கு நான்கு நாழி. ஆறில் ஒரு பங்கு! உயர்வு தாழ்வு அப்பட்டமாகத் தெரிகின்றது. எனினும் எழுதி வைத்த கூலியைக் கேட்டு வாங்கலாம் அன்றோ? கம்போடியக் கல்லின் 66 பேர் எதைக் கேட்டிருப்பர்?

அந்த 98 பேருக்கு அப்பாலும் ஒரு கூட்டம் உண்டு. 102 மருத்துவமனைகளுக்கும் வேண்டியவற்றை அளிக்க 838 ஊர்களும் 81,640 மக்களும் ஒதுக்கப்பட்டிருந்தனர் எனத் தா புரோம் கல்வெட்டு கூறும். வகுத்துப் பார்த்தால், ஒரு மருத்துவமனைக்கு ஏறத்தாழ எட்டு ஊர், 800 பேர். ஆண்டுதோறும் அளிக்கப்பட்ட அரிசியை 11,192 டன் என இக்கால அறிஞர் மதிப்பிட்டுள்ளனர். அவ்வூரார் விரும்பிக் கொடுத்தனரா? கல் சொல்லவில்லை, சொல்லும் வழக்கமும் அதற்கு இல்லை. அரசன் ஒதுக்கினான், அவர்கள் உழுதார்கள். அறச்சாலையின் அடித்தளமும் கட்டாய உழைப்பே என்று நாம் கருதுவதில் தவறில்லை. அதனால் அங்கே குணமடைந்தவரின் நலம் பொய்யாகிவிடாது.

இத்தகைய பேரமைப்பு அரசனது பண்டகசாலையை நம்பி நின்றது. 1296இல் அங்கோருக்கு வந்து அடுத்த ஆண்டு வரை தங்கிய சீனத் தூதுக்குழுவினர் சௌ தாகுவான், சந்தையில் மருந்து விற்போரைப் பற்றியும் சாலையோரத் தொழுநோயாளரைப் பற்றியும் எழுதியுள்ளார். மருத்துவமனைகளை அவர் விவரிக்கவில்லை.

2017இல் கம்போடியத் தொல்பொருள் ஆணையத்தாரும் சிங்கப்பூரின் யூசோஃப் இஷாக் கழகத்தாரும் அங்கோர் தோமின் வடக்கு வாயிலுக்கு அருகே, பழைய மருத்துவமனை ஒன்றன் தளத்தில் அகழ்ந்தபோது, ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமுள்ள வாயிற்காவலன் சிலையொன்று வெளிப்பட்டது. கோயில் கல்லால் ஆனது, அதனால் நிற்கின்றது. நோயாளர் படுத்த கூடமும், அறுவர் பெண்டிர் அடுப்பு மூட்டிய கொட்டகையும் மரத்தால் ஆனவை. அவற்றை மண்ணின் நிறமாற்றத்திலும் உடைந்த ஓட்டிலும்தான் தேட வேண்டியிருக்கின்றது.