ஷாஃப்ஹவுசனும் குதிரைப் பரிபாலனமும்

ரைன் நதி போடன் ஏரியை விட்டு மேற்கு நோக்கி ஓடிவந்து, சுமார் 150 மீட்டர் அகலமும் 23 மீட்டர் உயரமும் உடைய பேரருவியாக வீழ்வதற்குச் சற்று முன்பாக, அதன் வலக்கரையில் ஷாஃப்ஹவுசன் என்னும் சுவிஸ் நகரம் அமைந்திருக்கிறது. ஓடங்கள் அருவியைக் கடக்க இயலாதாகையால், பவேரியாவிலிருந்தும் டிரோலிலிருந்தும் ஏரி வழியே வந்த உப்பும் பிற சரக்குகளும் நகரத்துறையில் இறக்கப்பட்டு, வண்டிகளில் ஏறி, அருவிக்குக் கீழுள்ள வோர்ட் மாளிகைத் துறைவரை தரைவழியே சென்று, அங்கே மறுபடியும் ஓடத்தில் ஏற்றப்பட்டன. இந்த வியாபாரத்தினால் நகரம் செழித்தது என்று சரித்திரம் கூறும். அச்செழிப்பில் வண்டிக் குதிரையின் உழைப்புக்கும் ஒரு பங்கு உண்டென்பதை நாம் சேர்த்துக் கூறுதல் நியாயம்.

இவ்வட்டாரத்தில் மனிதனுக்கும் குதிரைக்கும் உள்ள சம்பந்தம் மிகப் புராதனமானது. நகரத்துக்கு அருகே தாயிங்கன் என்னும் ஊரிலுள்ள கெஸ்லர்லோக் குகையை 1874இல் கொன்ராட் மெர்க் என்ற பள்ளி ஆசிரியர் அகழ்ந்து பார்த்தபோது, ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே தங்கிய வேடர்கள் உண்டு கழித்த பனிமான்களின் எலும்புகளும் காட்டுக்குதிரைகளின் எலும்புகளும் வெளிப்பட்டன. அவ்வேடர்களே மான்கொம்பில் குதிரையின் உருவத்தைக் கண்வியக்கக் கீறியும் வைத்திருந்தனர். கொன்று தின்ற பிராணியின் அழகை அவர்கள் அறிந்திருந்தார்கள்; அதனிடம் தமக்கொரு கடமை உண்டென்ற எண்ணம் உதிக்க நெடுங்காலம் செல்லவேண்டியிருந்தது.

பதினாறாம் நூற்றாண்டிலும் குதிரை பெரும்பாலும் பெருமைக்கும் யுத்தத்துக்கும் உரிய சாதனமாகவே கருதப்பட்டது. 1564 முதல் 1589 வரை நகரத்துக் குன்றின்மேல் எழுப்பப்பட்ட முனோட் கோட்டைக்குள், குதிரைவீரன் இறங்காமலே மேல்தளம்வரை ஏறிச்செல்லுமாறு படிகளற்ற சுழல்பாதை ஒன்று அமைக்கப்பட்டது. அதே காலத்தில், 1568 முதல் 1570 வரை, ‘ரிட்டர்’ மாளிகையின் முகப்பில் டோபியாஸ் ஸ்டிம்மர் தீட்டிய சித்திரங்களில், ரோமாபுரியைக் காக்கும்பொருட்டுப் பிளந்த பூமிக்குள் குதிரையோடு பாய்ந்த மார்க்கஸ் கர்ட்டியஸ் என்னும் வீரன் உயரத்தில் விளங்குகிறான். அவனது தியாகம் அவன் விரும்பி ஏற்றது. குதிரையோ ஏறியவனை நம்பிச் சென்றது.

அந்த நம்பிக்கைக்கு ஈடாகக் குதிரையை வைத்திருப்பவன் தரவேண்டியது அன்பு மட்டுமன்று, அறிவும் ஆகும். இதற்கு நம் நாட்டுச் சரித்திரமே சாட்சி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் முதலிய துறைகளின் வழியே அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை அரபு நாடுகளிலிருந்து பெரும்பொருள் கொடுத்து வாங்கினார்கள் என்றும், பேணும் முறையும் வைத்தியமும் அறிந்தோர் இன்மையால் அவற்றுள் மிகப் பல ஆண்டு திரும்புமுன் மாண்டன என்றும் எழுதிவைத்தார். மாணிக்கவாசகர் கதையில் குதிரை வாங்கப் பொக்கிஷத்தையே கொடுத்தனுப்பிய நாட்டில், வாங்கியதைக் காக்கும் வித்தை போதவில்லை.

அவ்வித்தை சுவிஸ் குடும்பங்களில் வளர்ந்த விதம் வேறு. ஷாஃப்ஹவுசனுக்கு 1857இல் ரயில் வந்து வண்டிப் போக்குவரத்தின் மதிப்பைக் குறைத்த பிறகும், சுவிஸ் தேசத்தின் குதிரைப்படை முறை குதிரையைக் குடியானவன் வீட்டிலேயே நிலைபெறச் செய்தது. குதிரைப்படையில் சேர்ந்த விவசாயி, அரசாங்கம் தேர்ந்தளித்த குதிரையின் விலையில் ஒரு பகுதியைச் செலுத்தி, அதைத் தன் லாயத்திலேயே வைத்து, தன் வயலில் ஏர் பூட்டி, அழைப்பு வந்தபோது அதன்மேல் ஏறிச் சென்றான். சேவைக்காலம் முடிந்தபின் அது அவனுக்கே உரியதாயிற்று. ‘ஐட்கெநோஸ்’ என்று, அதாவது நாட்டுக் கூட்டாளி என்று, அக்குதிரைகளை மக்கள் அழைத்தனர். பாதி தனதும் பாதி நாட்டினதுமான உயிரைச் சேவைக்குத் தகுதியாக வைத்திருக்கவேண்டும் என்ற நியதி, குளம்பையும் தீனியையும் அன்றாடம் கவனிக்கும் பழக்கத்தைக் குடும்பங்களில் ஊன்றியது. 1972இல் குதிரைப்படையைக் கலைக்கப் பாராளுமன்றம் தீர்மானித்தபோது, வேண்டாமென்று கையொப்பமிட்டோர் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்.

படை மறைந்தது, கடமை சட்டமாயிற்று. 2003 முதல் பிராணிகள் வெறும் பொருள்களல்ல என்று சுவிஸ் சிவில் சட்டமே கூறுகிறது. 2008 செப்டம்பர் 1 அன்று அமலுக்கு வந்த பிராணி பாதுகாப்பு விதிகள், குதிரை மற்றொரு குதிரையைக் கண்டும் கேட்டும் மோந்தும் இருக்கவேண்டும் என்றும், ஐந்துக்கு மேற்பட்ட குதிரைகளுக்குப் பொறுப்பேற்பவர் தகுந்த பயிற்சி பெற்றமைக்குச் சான்று காட்டவேண்டும் என்றும் விதித்தன. லாயத்தில் கட்டியே வைத்து வளர்ப்பதும் பின்னர்த் தடுக்கப்பட்டது.

இவ்விதிகளுக்கு ஆதாரம் குதிரையின் தேக இயல்பே. மந்தையாக வாழ்ந்து, நாளெல்லாம் நடந்து மேயப் பிறந்த உயிர் அது. அதன் இரைப்பை உடலளவுக்குச் சிறியது, வாந்தியெடுக்கவும் அதற்கு இயலாது. ஆகையால் தானியத்தை ஒரே வேளையில் குவித்துக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தான வயிற்று நோய் நேரும். காய்ந்த புல்லும் சுத்த நீரும் எப்போதும் கிடைக்கவேண்டும். குளம்பு ஓயாது வளர்வதால், ஆறு முதல் எட்டு வாரத்துக்கொருமுறை அதைச் செதுக்கி லாடத்தைச் சீர்செய்தல் அவசியம். பற்களையும் காலந்தோறும் வைத்தியர் பார்க்கவேண்டும்.

உதகையிலும் சென்னைக் கடற்கரையிலும் சவாரிக் குதிரைகளை வைத்து ஜீவனம் செய்வோர் நம்மிடையே இன்றும் உண்டு. அவர்களிற் பலர் ஏழைகள். கண்டனத்தைக் காட்டிலும் பயிற்சியும் வைத்திய வசதியுமே அவர்களுக்கு உதவும். குதிரையை வாங்குமுன் அதைப் பேணக் கற்பிக்கும் ஏற்பாட்டை நம் அரசும் சங்கங்களும் செய்தளித்தால், காயல் துறையில் நாம் தவறவிட்ட பாடத்தை இனியேனும் கற்றவர்களாவோம்.