ட்ரெஞ்ச் கோட்: அதிகாரிகள் போட்ட மழைச்சட்டை

நவம்பர் பிறந்தால் போதும், லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கிற எங்கட சொந்தக்காரர் கோட் பார்க்கக் கடைக்கு இறங்கிவிடுவார்கள். அங்கத்தைய பஷன் பக்கங்களில் அந்த நேரம் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: முதலீடு. மலிவாக வாங்கி இரண்டு வருசத்தில் எறியாமல், விலை கூடினாலும் காலத்துக்கும் நிற்கிற ஒன்றை வாங்கு என்று அதற்குப் பொருள். அந்தப் பட்டியல்களில் ட்ரெஞ்ச் கோட் தவறாமல் இருக்கும். மணல் நிறம், இடுப்பில் பெல்ட், தோளில் பட்டி, முன்னுக்கு இரண்டு வரிசை பட்டன். பெரிய பிராண்டுகளில் ஒன்று ஆயிரம் பவுணைத் தாண்டும்.

ட்ரெஞ்ச் என்றால் பதுங்குகுழி. வீட்டு வளவுக்குள் பங்கர் வெட்டிய எங்கட அம்மா, அப்பாமாரின் தலைமுறைக்கு அந்தச் சொல்லை ஒரு ஸ்டைலான உடுப்போடு சேர்த்து யோசிக்கவே வராது. ஆனால் பெயர் சும்மா வைத்ததில்லை. அது உண்மையிலேயே பதுங்குகுழிக்குள் போட்ட கோட்தான். யார் போட்டார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது.

முதலில் மழையைப் பற்றிக் கொஞ்சம். 1823இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்ள்ஸ் மக்கின்டொஷ், இறப்பரை நப்தாவில் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவில் பூசி, தண்ணீர் புகாத துணிக்குக் காப்புரிமை எடுத்தார். தண்ணீர் புகாதுதான், ஆனால் வியர்வையும் வெளியே போகாது. வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும், நாறவும் செய்யும். (அந்தக் காலத்தில் இலங்கையில் இறப்பர் மரமே இல்லை. கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவுக்கு முதல் கன்றுகள் வந்தது 1876இல்.) இந்தச் சிக்கலுக்கு நல்ல பதில் கண்டவர் தோமஸ் பேர்பெரி. 1856இல், 21 வயதில், இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் துணிக்கடை தொடங்கியவர். நெய்த துணிக்குமேல் எதையாவது பூசுவதை விட்டுவிட்டு, நூலையே முதலில் தண்ணீர் ஒட்டாதபடி பதப்படுத்தி, பிறகு நெருக்கமாக நெய்தால் என்ன என்று அவர் பார்த்தார். அதுதான் கபர்டீன். 1879இல் உருவாகி 1888இல் காப்புரிமை பெற்றது. மழை வழிந்து ஓடும், உடம்பு மூச்சுவிடும், பாரமும் இல்லை. தென்துருவப் பக்கம் போன ஷாக்கிள்டனின் அணியும் இதைத்தான் போட்டது.

1914இல் போர் வந்தது. அந்த நாட்களில் பிரித்தானிய இராணுவத்தில் சாதாரண சிப்பாய்க்கு உடுப்பை அரசு கொடுக்கும். அதிகாரி தன்னுடைய உடுப்பைத் தானே வாங்க வேண்டும். அதற்கென்று ஒரு தொகை கிடைக்கும், எந்தத் தையற்கடைக்குப் போவது என்பது அவர் விருப்பம். அதனால் போர் ஒரு சந்தையாகவும் ஆனது. பேர்பெரி, அக்வாஸ்கூட்டம் போன்ற நிறுவனங்கள் அதிகாரிகளுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டன. பேர்பெரி 1912இலேயே பட்டனுக்குப் பதிலாகப் பெல்ட்டால் கட்டுகிற ஒரு கோட்டுக்குக் காப்புரிமை எடுத்திருந்தது. அதுவும் இன்னும் சில மாதிரிகளும் போர்க்களத்துக்கு ஏற்றபடி மாறி, ட்ரெஞ்ச் கோட் என்ற பெயரோடு கடைக்கு வந்தன.

சிப்பாய்க்குக் கிடைத்தது வேறு: கனத்த கம்பளியில் முழங்காலுக்குக் கீழே தொங்குகிற கிரேட்கோட். காய்ந்திருக்கும்போது நல்ல சூடு. ஆனால் பிளாண்டர்ஸ் சேற்றில் அது தண்ணீரையும் மண்ணையும் உறிஞ்சிக்கொண்டு ஆளையே கீழே இழுக்கும். பலர் கோட்டின் கீழ்ப்பகுதியைக் கத்தியால் வெட்டி எறிந்தார்கள். ஒரே குழி, ஒரே மழை, இரண்டு கோட்.

இன்னும் மோசமான நிலையில் நின்றவர்களும் இருந்தார்கள். 1914 இலையுதிர்காலத்தில் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் லாகூர், மீரட் டிவிஷன்களைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். பலருடைய உடம்பில் இருந்தது வெப்ப நாட்டுக்கென்று தைத்த பருத்திக் காக்கி. அதோடுதான் வடக்குப் பிரான்சின் குளிருக்குள் அனுப்பப்பட்டார்கள், கம்பளி உடுப்புகள் பிந்தித்தான் வந்து சேர்ந்தன. ட்ரெஞ்ச் கோட்டின் வரலாறு என்று பிராண்டுகள் அழகாக எழுதிவைக்கிற பக்கங்களில் இந்தப் பருத்திச் சட்டைக்கு இடம் கிடைப்பதில்லை. எங்களைக் கேட்டால் கதை அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதிகாரிகள் என்று சொன்னாலும் எல்லோரும் பரம்பரைப் பிரபுக்கள் இல்லை. பழைய அதிகாரிகள் வேகமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள், போர் முடிவதற்குள் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட புதியவர்கள் அந்த இடத்துக்கு எடுக்கப்பட்டார்கள். கிளாக்கர்மார், வாத்திமார், கடைக்காரரின் பிள்ளைகள். மேல்தட்டு அவர்களைத் 'தற்காலிகக் கனவான்கள்' என்று நக்கலடித்தது. போர் முடிந்தால் பழைய இடத்துக்குத் திரும்பிவிடு என்ற எச்சரிக்கையும் அந்தப் பெயருக்குள் இருந்தது. இப்படியான ஒருவருக்கு அந்தக் கோட் மழைக்கு மட்டும் இல்லை, தானும் கனவான்தான் எண்டு காட்டவும்தான். 'முதலீடு' என்று இன்றைக்குச் சொல்வது அங்கேயே தொடங்கிவிட்டது எண்டுதான் படுகிறது.

இன்றைக்குக் கடையில் தொங்குகிற கோட்டிலும் அந்தப் போரின் மிச்சம் இருக்கிறது. தோள்பட்டி பதவிச் சின்னம் குத்த. மார்பின் ஒரு பக்கம் மேலதிகமாகத் தொங்குகிற துணி, கோட் மூடும் இடத்தால் மழை இறங்காமல் இருக்க. மணிக்கட்டுப் பட்டி, கை வழியே தண்ணீர் ஓடாமல் இறுக்கிக்கொள்ள. கழற்றி மாட்டுகிற கம்பளி லைனிங்கும் அந்தக் காலத்துதான். அது இல்லாமல் கடுங்குளிருக்கு இந்தக் கோட் போதாது. பெல்ட்டில் உள்ள வளையம் கைக்குண்டு தொங்கவிட என்று சொல்லுவார்கள். விற்கிறவருக்கு ருசியான கதை, ஆனால் வரைபடப் பை போன்றவற்றைக் கொளுவத்தான் என்பதே நம்பக்கூடியதாக இருக்கிறது.

கோட்டோடு சேர்த்து வாங்கச் சொல்லுகிற சாமான்களும் ஏறக்குறைய இதே வழியால் வந்தவைதான். கைக்கடிகாரம் போருக்கு முன்னர் பெண்களின் நகையாகத்தான் பார்க்கப்பட்டது. தாக்குதல் நேரத்தைச் சரிபார்க்க பொக்கற்றுக்குள் கைவிட அவகாசம் இல்லாத இடத்தில்தான் அது ஆண்களின் கைக்கு ஏறியது. அதற்கும் முன்னைய கிரிமியப் போர், கார்டிகன், ராக்லன் என்ற இரண்டு பிரபுக்களின் பெயர்களையும் பலக்லவா என்ற ஊரின் பெயரையும் உடுப்புகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனது.

போருக்குப் பிறகு சினிமா இந்தக் கோட்டை எடுத்துக்கொண்டது. 1942இல் 'கஸபிளாங்கா'வில் ஹம்ப்ரி போகார்ட், 1961இல் 'பிரேக்பாஸ்ட் அட் டிஃபனிஸ்' படத்தில் ஒட்ரி ஹெப்பேர்ன். சேறு கழுவப்பட்டு மர்மமும் காதலும் ஒட்டிக்கொண்டன. ஆனால் யார் போடலாம் என்ற பழைய கேள்வி போகவில்லை. பேர்பெரி கோட்டின் உட்பக்கத்துக் கட்டத்துணி 2000களின் தொடக்கத்தில் தொப்பிகளிலும் கழுத்துச் சால்வைகளிலும் வந்து, பிரித்தானியாவின் உழைக்கும் வர்க்க இளைஞர்களுக்குப் பிடித்துப்போனது. உடனே பத்திரிகைகள் அவர்களைக் கேலி செய்தன. சில மதுக்கடைகள் அந்தத் துணியோடு வருகிறவர்களை உள்ளே விடவில்லை. நிறுவனமும் அந்தத் தொப்பி செய்வதை நிறுத்தியது. தற்காலிகக் கனவான்களைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

2018இல் இன்னொன்று வெளியே வந்தது. விற்காமல் மிஞ்சிய உடுப்பு, வாசனைத் திரவியம் என்று 2 கோடியே 86 லட்சம் பவுண் பெறுமதியான சாமான்களை அந்த ஒரே நிதியாண்டில் அழித்ததாக பேர்பெரியின் ஆண்டறிக்கையே சொன்னது. மலிவாக விற்றால் பெயர் கெட்டுவிடும் என்பதற்காக இப்படி அழிப்பது விலையுயர்ந்த பிராண்டுகளிடம் இருந்த வழக்கம். கண்டனம் எழுந்ததும், இனி அப்படிச் செய்ய மாட்டோம் என்று அந்த வருசம் செப்டெம்பரில் நிறுவனம் அறிவித்தது.