தையலில்லா கண்புரை அறுவை சிகிச்சை: பலனும் சிக்கல்களும்

கண்புரை முற்றிக் கடினமான கண்களுக்கு, தையலற்ற சிறு கீறல் அறுவை சிகிச்சை இந்தியாவில் பரவலாகச் செய்யப்படுகிறது. விழி வெண்படலத்தில் 6 முதல் 7 மி.மீ. அளவில் சுரங்கம் போன்ற கீறல் இடப்படுகிறது. கண்ணின் உள் அழுத்தமே அதனை மூடிவிடுவதால் தையல் தேவைப்படுவதில்லை.

நேபாளத்தில் 108 பேரிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், இம்முறையும் அல்ட்ராசவுண்ட் கருவியால் புரையை உடைத்து அகற்றும் ஃபேகோ முறையும் ஒப்பிடப்பட்டன. 6 மாதங்களுக்குப் பின் இரு பிரிவிலும் 98 சதவீதத்தினர் கண்ணாடித் திருத்தத்துடன் 6/18 அல்லது அதனினும் சிறந்த பார்வை பெற்றிருந்தனர். தையலற்ற முறைக்கு நேரமும் செலவும் குறைவு.

எனினும் கீறல் பெரிது என்பதால் சிதறல் பார்வை சற்று கூடக்கூடும். கருவிழி வீக்கம் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். லென்ஸின் பின்னுறை கிழிவது அத்தனை எளிதன்று. அரிதெனினும் மிகவும் அஞ்சத்தக்கது கண்ணின் உட்புறத் தொற்றே. சிகிச்சைக்குப் பின் வலியும் சிவப்பும் கூடி, பார்வை மங்கினால் அன்றே மருத்துவரை அணுக வேண்டும்.